உடையத் தெரிந்த அச்சு

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் தம் குரு புஷ்பசேனர் சொற்படி 1387-88இல் கட்டினார். கல்லும் நிற்கிறது, கல்வெட்டில் பெயரும் நிற்கிறது. அதே கோயிலின் உலோகத் திருமேனிகளை ஈன்ற மண் அச்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருக்கவும் முடியாது. மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும்.

சுவாமிமலையில் இந்த வேலையை இன்றும் பார்க்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மையாக அரைத்துப் பூசுவார்கள். முதல் பூச்சு மிக மெல்லியது. மெழுகில் நகம் பட்ட கோடுகூட அதில் பதிந்துவிடும். வண்டலோடு கரித்த உமியையும் சேர்த்து அரைப்பதில் பெரிய கணக்கு இருக்கிறது. உமிக்கரி மண்ணின் இறுக்கத்தைத் தளர்த்தி நுண்துளைகளை விடுகிறது. மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உருகிய உலோகம் இறங்கும்போது உள்ளே அகப்பட்ட காற்றுக்கு அவைதான் வழி. இறுகிய மண்ணாக இருந்தால் வார்ப்பு கெட்டுப்போகும்.

சூளையில் கண்ணாடியை உருக்கி வார்ப்பவர்களின் அச்சு, தாங்கவும் வேண்டும் விடவும் வேண்டும் என்பதை இன்னும் துலக்கமாகச் சொல்கிறது. நம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கிடைக்கும் ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சூடாக்கினால், தன்னிடமுள்ள நீரில் முக்கால் பங்கை இழந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகிறது. தண்ணீரில் அந்த மாவைத் தூவி, ஊறியதும் கையால் கலக்கினால் சில நிமிடங்களில் கூழ் கெட்டிப்படும். அப்போது உள்ளங்கையில் ஒரு வெதுவெதுப்புத் தெரியும். இழந்த நீரைக் கல் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது எழும் சூடு அது. ஆனால் கண்ணாடி உருகி அச்சை நிறைக்க 800 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டர் மறுபடி நீரை இழந்து, சுருங்கி, விரிசல் விடும். அதனால் பாதிக்குப் பாதி சிலிக்கா மாவு சேர்க்கிறார்கள். சிலிக்காவின் குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரியில் சட்டென்று விரியும். தனியாகப் பார்த்தால் அதுவும் குறைதான். ஒன்று சுருங்கும்போது மற்றது விரிகிறது. இரண்டு குறைகளின் கூட்டில் அச்சு நிலைக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சூடு ஆறும் கட்டம். ஆறும்போது கண்ணாடி சுருங்கும். உட்குழிவுக்காக நடுவே வைத்த கரு திடமாக இருந்தால், அதை இறுக்கிக்கொண்டே கண்ணாடி பிளந்துவிடும். அதனால் கருவை வெளி அச்சைவிட மெலிவாகச் செய்வார்கள். நெருக்கினால் அது நொறுங்கிக் கொடுக்கவேண்டும். முன்கூட்டியே விட்டுக்கொடுத்தாலும் ஆபத்து. பலோமர் மலைத் தொலைநோக்கிக்கான 200 அங்குலக் கண்ணாடியை 1934 மார்ச்சில் கார்னிங் நிறுவனம் வார்த்தபோது, அச்சின் கருக்கள் சில பிடிப்பு விட்டுக் குழம்பின் மேலே மிதந்து வந்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி வார்த்து, பத்து மாதம் மெல்ல மெல்ல ஆறவைத்தார்கள்.

எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்த்து அச்சை மதிப்பிடமுடியாது. எதுவரை தாங்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்பது அதைச் செய்யும்போதே அதற்குள் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். உடையாமல் கழற்றி எடுக்கும் அச்சு வேண்டுமென்றால், அது சிக்கிக்கொள்ளும் மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் சிற்பத்திலேயே தூர்த்துவிட வேண்டியிருக்கும். தன்னைக் காத்துக்கொள்ளும் அச்சுக்காகச் சிற்பம் தட்டையாகிவிடும். பிள்ளையை வளர்ப்பவரும் தொழில் கற்றுக்கொடுப்பவரும் இதை அறிவார்கள். பிடி விடாதவரின் கையில் வளர்ந்தவர், அந்தக் கைக்கு அடங்கும் ஆழத்தோடு நின்றுவிடுகிறார்.

சமணர்கள் இதை நெடுங்காலம் முன்பே யோசித்திருக்கிறார்கள். வீடுபெற்ற உயிருக்கு உடல் இல்லை. ஆனால் கடைசியாகத் தாங்கிய உடலின் வடிவம் உண்டு என்பது அவர்கள் கொள்கை. உடல் போனபின் வடிவம் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அவர்களின் உரையாசிரியர்கள் காட்டிய உவமை, மெழுகு உருகி வெளியேறிய அச்சின் உள்வெளி. திகம்பரக் கோயில்களில் சித்தரைக் காட்டும் செப்புத் தகடுகளில் உருவம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். வணங்குபவர் கண்முன் இருப்பது ஆள் வடிவான வெளி. தாங்கியது விலகிய பிறகே வடிவம் முழுமையாகிறது என்று சொல்ல, அவர்கள் வார்ப்புக் கூடத்தைத் தாண்டிப் போகவேண்டியிருக்கவில்லை.