கை பட்ட கல் எது?

இங்கிலாந்தின் கெண்ட் ஜில்லாவில் ஐட்டம் என்றொரு கிராமம். அங்கே பெஞ்சமின் ஹாரிசன் என்பவர் மளிகைக் கடை வைத்திருந்தார். 1837-ல் பிறந்து 1921-ல் காலமானவர். கடை வேலை போக மிஞ்சிய பொழுதையெல்லாம் சுற்றுப்புற மேட்டு நிலங்களில் கல் பொறுக்குவதிலேயே கழித்தார். நம்மைப் போன்ற கடைக்காரர் ஒருவர் பெரிய பெரிய பண்டிதர்களைப் பல்லாண்டுகள் வாதாட வைத்தார் என்பதால் அவர் கதையில் நமக்குத் தனிப் பிரியம் உண்டு. அதோடு, வியாபாரிகள் யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்றும் அதில் இருக்கிறது. ஒரு பொருளைப் பார்த்து, "இது மனிதன் செய்தது" என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது வருகிறது?

ஹாரிசன் பொறுக்கியவை சிக்கிமுக்கிக் கற்கள். பழுப்பேறி, ஓரங்களில் மட்டும் சில்லு சில்லாகப் பெயர்ந்தவை. ஆதி மனிதன் முதன்முதலில் செய்த ஆயுதங்கள் இவையே என்றார் அவர். ஜோசப் பிரெஸ்ட்விச் என்ற பிரசித்தி பெற்ற மண்ணியல் நிபுணரும் அவர் கட்சியில் சேர்ந்தார். 1892-ல் அவற்றுக்கு 'இயோலித்' என்று பெயரும் சூட்டியாயிற்று. விடியற்காலத்துக் கல் என்பது பொருள்.

எதிர்க்கட்சியாரும் சும்மா இருக்கவில்லை. 1905-ல் பிரெஞ்சு அறிஞர் மார்செலின் பூல், மாந்த் என்ற ஊருக்கு அருகில் ஒரு சிமெண்டு ஆலையைக் காட்டினார். அங்கே சுண்ணாம்புக் கட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு யந்திரத்தால் கலக்குவார்கள். அவற்றோடு கிடந்த சிக்கிமுக்கிக் கற்கள் ஒன்றோடொன்று மோதி, ஹாரிசனின் கற்களைப் போலவே ஓரம் பெயர்ந்து வெளிவந்தன! ஆயுதம் செய்யும் எண்ணம் யந்திரத்துக்கு ஏது? பின்னர் 1910-ல் பாதிரியார் பிரய் என்பவர், மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முந்திய மணற்படிவிலும் இத்தகைய கற்களைக் கண்டார். மேல்மண்ணின் பாரத்தால் நசுங்கிப் பெயர்ந்த சில்லு, தன் தாய்க்கல்லின் பக்கத்திலேயே கிடந்தது.

அப்படியானால் கை அடித்த கல்லுக்கு அடையாளமே கிடையாதா? உண்டு. ஓங்கி அடித்துப் பெயர்த்த சில்லின் உட்புறம், அடிபட்ட இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு எழும். கைத்தேர்ச்சி உள்ளவன் அடுத்தடுத்து, ஓரம் கூராகும்படி ஓர் ஒழுங்கில் பெயர்த்துக்கொண்டே போவான். ஆனால் வெள்ளத்தில் உருண்டு மோதிய கல்லிலும் புடைப்பு உண்டாகக் கூடும். ஆகவே 1939-ல் ஆல்பிரட் பார்ன்ஸ் என்பவர் வேறொரு வழி சொன்னார். தனிக் கல்லைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். குவியலை எடுத்து, சில்லு பெயர்ந்த ஓரங்களின் கோணங்களை அளந்து பாருங்கள் என்றார். மனிதன் செய்த குவியலில் விரிகோணங்கள் நூற்றுக்கு 25-ஐத் தாண்டுவதில்லை. இயற்கை நசுக்கிய குவியலிலோ அவை மிகுதி.

வாசக நேயர்களே, ஹாரிசன் பொய்யர் அல்லர். ஒரு கல்லையும் அவர் தாமே உடைத்து வைக்கவில்லை. எண்ணி மாளாத கற்கள் கிடந்த மேட்டில், ஆயுதம் போலத் தோன்றியவற்றை மட்டும் எடுத்து வந்தார், அவ்வளவுதான். மிளகு மூட்டையிலிருந்து பருமனான மணிகளாகப் பொறுக்கி ஒரு பிடி 'மாதிரி' கொண்டு வருபவரிடம் நாம் என்ன சொல்வோம்? "மூட்டையைக் கவிழுங்கள், பார்ப்போம்" என்போம். அந்தப் பிடியில் உள்ள ஒவ்வொரு மணியும் அசல் மிளகுதான். ஆயினும் அந்தப் பிடி மூட்டையைப் பற்றிப் பொய் சொல்கிறது. கொண்டு வந்தவர் வேண்டுமென்றே செய்திருந்தால் அதை மோசடி என்று தள்ளிவிடலாம். தமக்கே தெரியாமல், ஆசையால் கண் ஓடிய இடத்தில் கை ஓடியிருந்தால்? நமது அபிப்பிராயத்தில் இதுதான் அதிகக் கஷ்டமான வழக்கு. அவர் விட்டுவந்த கற்களைக் கேட்டால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

கழிவும் சாட்சி சொல்லும் என்பதற்கு உதாரணம் இந்த நாட்டிலேயே இருக்கிறது. பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானை 1938-ல் காலிங்ஸ் என்பவர் தோண்டினார். 1987-ல் சுரைனா மஜித் அம்மையார் தோண்டியபோது, அடிக்கும் கல், தாங்கும் கல், பாதி வேலை முடிந்த கல், சிதறிய சில்லுகள் எல்லாம் ஒரே தளத்தில் கிடைத்தன. தையற்கடைத் தரையில் வெட்டுத்துணி கிடப்பதைப் போல! அது பட்டறை என்பதற்கு வேறு ருசு வேண்டுமா? அப்பள்ளத்தாக்கு 2012-ல் உலகப் பாரம்பரிய இடமாயிற்று.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாய்லாந்தின் பாங்-ஙா வளைகுடாப் பகுதியில் நீண்டவால் குரங்குகள் செம்பனைக் கொட்டையைக் கல்லால் உடைக்கின்றன. அப்போது கல்லும் உடைந்து, ஆதி மனிதனுடையவை போன்ற சில்லுகள் விழுகின்றன என்று 2023-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். குரங்குக்கு வேண்டியது பருப்பு. சில்லு வேண்டுமென்று அது உடைக்கவில்லை. கை பட்டது வேறு, கருதிச் செய்தது வேறு.

ஹாரிசன் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'ருசுவாகவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றாகா. நமது கல்லாவில் ரசீதுகள் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல் வைத்திருக்கிறோம். உளி படாத கல்; ஆனால் தினமும் வேலை செய்கிறது. நாளை அதை ஆற்றில் எறிந்துவிட்டால், கடையில் இருந்த கல் என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. ஆதி மனிதனும் கைக்கு அகப்பட்ட கல்லை அப்படியே எடுத்துக் கொட்டை உடைத்துவிட்டுப் போட்டிருப்பான். ஹாரிசனின் கற்களில் அப்படிப்பட்டது ஒன்று இருந்திருந்தாலும், கோணக் கணக்கில் அது அகப்படாது.