எடைக்கல்லும் இளநெஞ்சும்

தன் உடலைக் கண்டு தானே வெட்கும் இளநெஞ்சங்களை நாம் பார்க்கிறோம். உணவைத் தள்ளுவர், கண்ணாடி முன் கலங்குவர், கூட்டம் கண்டால் ஒதுங்குவர். "பருவத்தின் இயல்பு" என்று பெரியோர் கூறி முடித்துவிடுகின்றனர். இயல்புதானா? ஆராய்ந்து பார்ப்போம்.

பசிபிக் மாகடலிலே பிஜி என்றொரு தீவுநாடு. அங்குள்ள தொல்குடி மக்களுக்குத் திரண்ட மேனியே அழகு. உழைக்கும் ஆற்றலின் அடையாளம். சுற்றம் பரிவுடன் பேணியதற்குச் சான்று. மெலிவு கண்டால்தான் கவலை கொண்டனர்.

1995-ல் அந்நாட்டின் நட்ரோகா வட்டாரத்திற்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் பள்ளி மாணவியர் 63 பேரையும், 1998-ல் வேறு 65 பேரையும் ஆராய்ந்தார் ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர். உணவு பற்றிய மனக்கோளாற்றின் அறிகுறி முன்னர் 12.7 விழுக்காட்டினரிடம், பின்னர் 29.2 விழுக்காட்டினரிடம்! எடை குறைக்க வலிந்து வாந்தியெடுக்கும் வழக்கம் முன்னர் ஒருவரிடமும் இல்லை, பின்னர் 11.3 விழுக்காட்டினரிடம்!

சிறிய ஆய்வுதான், தொலைக்காட்சி ஒன்றே காரணமென அறுதியிட்டுக் கூறோம். ஆயினும் கேட்கிறோம்: பிறவியின் இயல்பாயின், மூன்றே ஆண்டில் இருமடங்குக்கு மேல் பெருகியது எப்படி? வெட்கம் பிறந்ததன்று, கற்பிக்கப்பட்டது. கற்றவளைக் குற்றவாளியாக்கிக் கற்பித்தவரை விட்டுவிடுவது அறமாகுமா?

"உடல்நலம் கருதியே சொல்கிறோம்" என்பர் சிலர். நலம் பேண மருத்துவம் உண்டு. ஏளனம் எந்த நோய்க்கு மருந்து? எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கைத் தந்த பெல்ஜிய அறிஞர் கெத்தலே மருத்துவரல்லர். 19-ஆம் நூற்றாண்டில் மக்கள் திரளின் சராசரியைத் தேடிய கணித அறிஞர் அவர். மருத்துவருக்கு அக்கணக்கு ஒரு குறிப்பு. மனிதரின் மதிப்பை உரைக்கும் தீர்ப்பன்று!

உடலின் வடிவை மாற்றித் தீட்டிய விளம்பரப் படங்கள் அவ்வுண்மையை அறிவிக்கும் முத்திரை தாங்க வேண்டுமென நார்வே நாட்டின் சட்டம் 2022 முதல் ஆணையிடுகிறது. பொய்யழகு காட்டுவோரைப் பொறுப்பேற்கச் செய்யும் நேரிய முயற்சி அது.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? "குண்டு" என்றும் "நோஞ்சான்" என்றும் வகுப்பறையில் எழும் சிரிப்பை, ஆசிரியராகிய நாம் அன்றே நிறுத்தலாம். தோழர்களே, நீங்கள் அச்சிரிப்பில் சேராதிருக்கலாம். உண்ண மறுத்து வாடும் பிள்ளைக்கு அறிவுரை போதாது. பரிவும் மருத்துவ உதவியும் வேண்டும்.

எடைக்கல் உடலின் பாரத்தைச் சொல்லும். உள்ளத்தின் மேல் ஏற்றிய பாரத்தைச் சொல்லாது. அதை ஏற்றியது சமுதாயம். இறக்கி வைக்கும் கடமையும் அதனுடையதே!