விடுதலைக்குப் பின்...

ஹைதராபாத்தின் போலாரத்தில் ராஷ்டிரபதி நிலையம் உள்ளது. அங்கு வந்து தங்கும் குடியரசுத் தலைவருக்கு, தண்டனையை மன்னிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 72-ஆம் பிரிவு அளிக்கிறது. ஆனால், தண்டனையை முழுவதும் அனுபவித்து வெளிவருபவனைச் சமூகம் மன்னிக்கிறதா?

நிலையான முகவரி இல்லாதவனுக்கு ரேஷன் அட்டை எளிதில் கிடைப்பதில்லை. சிறையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை இடையில் நின்றால், நோய் மருந்துக்கு அடங்காமல் போகலாம், பிறருக்கும் பரவலாம். விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்பின் தேவையை நீதிபதி முல்லா தலைமையிலான சிறைச் சீர்திருத்தக் குழு 1983-இலேயே வலியுறுத்தியது.

‘குற்றவாளிக்கு ஏன் சலுகை?’ என்று சிலர் கேட்கலாம். நீதிமன்றம் விதித்தது சிறைவாசத்தையே. பசியையும் பிணியையும் அல்ல. கடனைத் தீர்த்தவனிடம் மீண்டும் வசூலிப்பது அறமாகுமா? அவனுக்காக ஒரு விண்ணப்பம் எழுதித் தருவதும், அரசு மருத்துவமனைக்கு உடன் செல்வதும் நம்மால் இயன்ற சேவையே.