அன்னை உம்மு ஸலமாவின் நோக்கு



அனைத்தையும் முழுமையாகப் பார்ப்பவன் அல்லாஹுத் தஆலா ஒருவனே. நாமோ, நாம் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதை மட்டுமே பார்க்கிறோம். பார்த்த அந்தச் சிறு பகுதியைக் கொண்டு முழுத் தீர்ப்பும் கூறிவிடுகிறோம். கணவன் மனைவியைப் பற்றியும், மாமியார் மருமகளைப் பற்றியும், தந்தை மகனைப் பற்றியும் கூறும் தீர்ப்புகள் பலவும் இப்படிப் பிறந்தவையே. நாம் வெறுக்கும் ஒன்றில் நமக்கு நன்மை இருக்கலாம், நாம் விரும்பும் ஒன்றில் தீமை இருக்கலாம் என்று ஸூரத்துல் பகராவில் அல்லாஹ் நமக்கு உணர்த்துகிறான். ஹுதைபிய்யா நிகழ்ச்சி இதற்குத் தெளிவான விளக்கமாகும்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) துல்கஃதா மாதம். பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஏறத்தாழ 1400 தோழர்களுடன் உம்ராவுக்காக இஹ்ராம் அணிந்து புறப்பட்டார்கள். மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் குறைஷிகள் அவர்களைத் தடுத்தனர். முடிவில் பத்தாண்டுகளுக்குப் போர் நிறுத்த உடன்படிக்கை எழுதப்பட்டது. முஸ்லிம்கள் இவ்வாண்டு திரும்பிவிட வேண்டும். அடுத்த ஆண்டு வந்து மூன்று நாட்கள் தங்கலாம். மக்காவிலிருந்து யாரேனும் தம் காப்பாளரின் அனுமதியின்றி மதீனாவுக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மதீனாவிலிருந்து மக்காவுக்குப் போனவரை அவர்கள் திருப்பித் தர மாட்டார்கள். எழுதி முடிக்கும் முன்பே அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் விலங்கோடு தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தார்கள். குறைஷிகளின் சார்பில் உடன்படிக்கை பேச வந்திருந்த ஸுஹைலின் மகன்தான் அவர்கள். அவர்களையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

தோழர்களின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்! உமர் (ரலி) அவர்கள் பொறுக்க இயலாமல், நாம் சத்தியத்தில் அல்லவா இருக்கிறோம், ஏன் இந்தத் தாழ்வை ஏற்க வேண்டும் என்று பெருமானாரிடமே கேட்டார்கள். பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்களிடமும் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களின் கண் ஏட்டில் எழுதப்பட்ட நிபந்தனைகளைப் பார்த்தது. அபூபக்ர் (ரலி) அவர்களின் கண், அதனை ஏற்றவர் அல்லாஹ்வின் தூதர் என்பதைப் பார்த்தது. அதனால் அவர்கள் கலங்கவில்லை.

இதன் பிறகு நடந்ததைத்தான் ஒவ்வொரு குடும்பத்தாரும் கூர்ந்து கவனிக்க வேண்டும். குர்பானி கொடுத்து, தலைமுடி களைந்து இஹ்ராமிலிருந்து விடுபடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். மூன்று முறை கூறியும் ஒருவரும் எழவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர் இதனைக் கீழ்ப்படியாமை என்றே சொல்லியிருப்பார். பெருமானார் (ஸல்) அவர்கள் கூடாரத்திற்குள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நடந்ததைக் கூறினார்கள்.

அன்னையவர்கள் அங்கே கீழ்ப்படியாமையைக் காணவில்லை, துக்கத்தைக் கண்டார்கள். தாங்கள் வெளியே சென்று எவரிடமும் பேசாமல் தங்கள் ஒட்டகத்தை அறுத்து, முடி களைபவரை அழையுங்கள் என்று யோசனை கூறினார்கள். பெருமானார் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் அனைவரும் எழுந்தார்கள். துக்க மிகுதியால் ஒருவருக்கொருவர் தலை மழித்துவிட்டபோது காயப்படுத்திவிடுவார்களோ என்னும் அளவுக்கு நெருக்கம் ஏற்பட்டது.

அன்னையவர்களுக்கு இந்த நோக்கு எங்கிருந்து வந்தது? அவர்கள் மதீனாவுக்குப் புறப்பட்டபோது சொந்தக் குலத்தார் அவர்களைத் தடுத்து நிறுத்தினர். கணவரின் குலத்தார் கைக்குழந்தையைப் பறித்துச் சென்றனர். ஏறத்தாழ ஓராண்டு காலம் அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். போக வேண்டிய இடத்திற்குப் போக முடியாமல் வழியில் தடுக்கப்படுவது எத்தகைய வேதனை என்பது அவர்களுக்குத் தெரியாதா? துன்பம் அனுபவித்த கண்ணுக்குப் பிறர் துன்பம் விரைவில் தெரிகிறது.

திரும்பும் வழியில் ஸூரத்துல் ஃபத்ஹ் இறங்கியது. தோழர்கள் தோல்வியென்று எண்ணியதை அல்லாஹ் தெளிவான வெற்றி என்று அறிவித்தான். போர் அச்சம் நீங்கியதால் மக்கள் ஒருவரோடொருவர் பழகினர், பேசினர், இஸ்லாத்தை அறிந்துகொண்டனர். காலித் இப்னுல் வலீத் (ரலி), அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) போன்றோர் அக்காலத்தில்தான் இஸ்லாத்தைத் தழுவினர். மிகக் கசப்பாகத் தோன்றிய அந்தத் திருப்பி அனுப்பும் நிபந்தனையைக் கைவிடும்படி குறைஷிகளே பின்னர் வேண்டிக்கொண்டனர். ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) பெருமானார் (ஸல்) அவர்கள் பத்தாயிரம் பேருடன் மக்காவில் நுழைந்தார்கள். அன்று பேசிய பேச்சுக்காக உமர் (ரலி) அவர்கள் பின்னர் நோன்பு நோற்றும், தர்மம் செய்தும், அடிமைகளை விடுதலை செய்தும் வந்தார்கள்.

நம் வீடுகளுக்கு வருவோம். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனிடமிருந்து இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. மனைவியின் பேச்சைக் கேட்டு மாறிவிட்டான் என்று வாப்பா தீர்ப்பு எழுதிவிடுகிறார். அங்கே சம்பளம் கிடைக்காமல், வீட்டார் கவலைப்படுவார்களே என்று அவன் வாய் திறக்காமல் இருக்கக் கூடும். உம்மாவோ, "முதலில் அவன் சாப்பிட்டானா என்று கேளுங்கள்" என்கிறார். அந்தச் சொல்லை, பெண் பேச்சு என்று தள்ளிவிடுவது நியாயமா? அல்லாஹ்வின் தூதரே தம் துணைவியாரின் யோசனையை ஏற்று நடந்திருக்க, நாம் எம்மாத்திரம்?

பார்வைகள் பல என்பதால் ஹலாலும் ஹராமும் ஆளுக்கு ஒரு விதமாகிவிடாது. மார்க்கத்தின் சட்டம் ஒன்றே. மனிதர்களின் உள்ளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வேளையில்தான் நாம் தயங்க வேண்டும். அருகிலிருப்பவரிடம் மஷ்வரா செய்ய வேண்டும். அழைத்தும் எழாமல் இருப்பவரைக் கண்டால், இவர் மறுக்கிறாரா, மனம் உடைந்திருக்கிறாரா என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போமாக. மறுக்கிறவரிடம் பேசும் பேச்சு வேறு, உடைந்தவரிடம் பேசும் பேச்சு வேறு.

நம் பார்வையின் குறையை நமக்கு உணர்த்தி, பிறர் துயரைக் காணும் கண்ணை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.