தூரிகையும் மனச்சாட்சியும்

 

சென்ற நோன்புப் பெருநாளுக்குப்பின் ஒருநாள், பங்சாரிலுள்ள நமது கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். தம் மகளின் நிக்காஹுக்காக, முகத்திற்குப் பவுடர் தடவும் பிரஷ் ஒன்றைக் கையிலெடுத்து, "பாய், இது என்ன முடி?" என்றார். நைலான்தான் என்று தயங்காமல் சொன்னோம். அவரும் நம்பி வாங்கிச் சென்றார்.

அன்றிரவு மனம் உறுத்தவே, அதே பெட்டியிலிருந்த வேறொரு பிரஷ்ஷில் இரண்டு இழைகளைக் கொளுத்திப் பார்த்தோம். நைலானென்றால் உருகித் திரளும். இதுவோ முடி கருகும் நாற்றத்துடன் சாம்பலாய் உதிர்ந்தது. தெரியாமல் சொன்னோம் என்று மனம் சமாதானம் தேடியது. விசாரித்தறியாமல் உறுதி கூறியதும் பொய்தானே?

பன்றி அல்லது நாயின் எப்பகுதியால் செய்த பொருளாயினும் அதை வெளிப்படையாகக் குறித்தே விற்க வேண்டுமென 2013-ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஆணை பிறந்தது. 2017 பிப்ரவரியில் உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் கடைகளைச் சோதித்து, குறிப்பின்றி வைத்திருந்த பன்றிமுடிப் பெயிண்ட் பிரஷ்கள் இரண்டாயிரத்துக்கு மேல் கைப்பற்றினார்கள். அப்போது நாமும் அலமாரிகளைப் புரட்டிப் பார்த்தோம். பார்க்க வேண்டியதே. ஆனால் நஜீஸா என்று கேட்ட நாம், முடி கொடுத்த பிராணி என்ன பாடுபட்டது என்று கேட்டோமா?

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த உரோமம் சுத்தமானது. அந்த ஆட்டைக் கட்டிப்போட்டு வதைத்துக் கத்தரித்தாலும் உரோமத்தின் சட்டம் மாறாது. வதைத்தவனின் பாவமோ நிற்கும். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அங்கே ஹலால் உணவைப் பற்றிய பேச்சே இல்லை. வாயில்லா ஜீவனின் வேதனைதான் விசாரணைக்கு வந்தது.

நம் ஊர் வேலியோரம் ஓடும் கீரியைப் பாருங்கள். ஓவியர் தூரிகைக்காக அதன் முடிக்குக் கிராக்கி உண்டு. ஆட்டைப்போல் அதைப் பிடித்துக் கத்தரிப்பாரில்லை. கொன்றே முடி எடுக்கிறார்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியைக் காக்கிறது. அப்படியிருந்தும் கள்ள வியாபாரம் நிற்காமல், 2019 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்து ஷேர்கோட் உட்படப் பல இடங்களில் சோதனை நடத்த வேண்டியதாயிற்று. தூரிகை விற்ற கடைக்காரர் தம் கையால் கீரியைக் கொன்றதில்லை. ஆனால் கடை வாங்குமென்ற நம்பிக்கையில்தானே கண்ணி வைப்பவன் கண்ணி வைத்தான்?

"மொத்த வியாபாரி கொடுத்ததை விற்கிறோம்" என்பது நம்மிடையே வழங்கும் பதில். தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை வெளிப்படுத்தியதை நாம் மறக்கலாமா? மழைமேல் பழிபோட்ட வியாபாரியின் சமாதானம் அங்கே செல்லவில்லை.

"விலங்குகளைத் துன்புறுத்தாதது" என்ற முத்திரையையும் ஆராய்ந்தே நம்ப வேண்டும். அழகுப் பொருள்களில் அது பெரும்பாலும் விலங்குகள்மேல் பரிசோதிக்கவில்லை என்பதையே குறிக்கும். பிரஷ்ஷின் முடி வந்த வழியைச் சொல்லாது. ஆகவே எந்தப் பிராணி, கத்தரித்ததா கொன்றதா, அதற்கு எழுத்துச் சான்று உண்டா என மூன்றையும் கேட்போம். பதில் இல்லையேல் நைலான், பாலியஸ்டர் இழைப் பிரஷ்ஷே மேல். திரவப் பூச்சுக்கு அது நன்றாகவே உதவும். அதுவும் பிளாஸ்டிக்தான், குறையற்றதன்று. எனினும் அதற்காக ஓர் உயிர் துடிப்பதில்லை.

நம் சரக்கைப் பற்றிக் கேட்டபோது மொத்த வியாபாரியிடமிருந்து பதில் வரவில்லை. பெட்டியை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம். அப்பெண்மணி மீண்டும் வந்தபோது உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குள் நிக்காஹ் முடிந்திருந்தது. அவர் கோபிக்கவில்லை. "தெரியாது என்று அன்றே சொல்லியிருக்கலாமே, பாய்" என்றார்.

அச்சொல் இன்னும் நம் கல்லாப்பெட்டியருகே நிற்கிறது. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நாவில் உண்மையையும், நெஞ்சில் இரக்கத்தையும், வியாபாரத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.