தானியேலுக்கு இரண்டு பெயர்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஒரு தாயார் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து என்னிடம் வந்தார்கள். "ஐயா, பையன் ஞானஸ்நானம் எடுக்கணும்ங்கிறான். எனக்குச் சந்தோஷந்தான். ஆனா ரெஜிஸ்டர்ல பேரு எழுதாம குடுக்க முடியுமா? குரூப் ஃபோருக்குப் படிக்கிறான். நாளைக்கு சர்டிபிகேட்டுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

"ஜெபிப்போம்மா" என்றேன். பதில் தெரியாதபோதெல்லாம் போதகர்கள் சொல்லுகிற பதில் அது. அந்தத் தாயாருக்கும் அது தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னே இதே மாதிரி ஒருவர் கேட்டபோது நான் எழுதாமலேயே ஞானஸ்நானம் கொடுத்தேன். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே தண்ணீரில் முழுக்கினேன். கரையேறி வந்து நோட்டை மூடிவைத்தேன். அன்று அதை இரக்கம் என்று நினைத்தேன். இன்று அது இரக்கமா, கோழைத்தனமா என்று ராத்திரியில் யோசிக்கிறேன். நம்மில் அநேகர் வீட்டில் இந்தக் கதை உண்டு. ஆகையால் மூடி மறைக்காமல் பேசுவோம்.

முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1950 ஆகஸ்டில் ஜனாதிபதி பிறப்பித்த பட்டியல் ஜாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் ஜாதியாராகக் கருதப்படமாட்டார் என்று சொன்னது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். படிப்பு உதவித்தொகையை மாநில அரசு அவருக்கும் கொடுக்கிறது, அதை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் வேலையில் பட்டியல் ஜாதியாருக்கான ஒதுக்கீடு இல்லை, தனித் தொகுதியில் நிற்கமுடியாது, 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

சூசை என்ற ஒரு சகோதரனுடைய வழக்கை நம் ஜனங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! சென்னையில் ரோட்டோரம் செருப்பு தைத்தவர். அரசாங்கம் செருப்புத் தைக்கிறவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலை அதே ஊசியால் தைத்தவர்களுக்குக் கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை, காரணம் இவர் கிறிஸ்தவர். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1985-ல் அவருக்கு விரோதமாகத் தீர்ப்பு வந்தது. மதம் மாறின பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடருகிறது என்று ஆதாரத்தோடு காட்டவில்லை என்றார்கள். இதற்கு என்ன ஆதாரம் காட்டுவது? ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு டீக்கடையில் வேறு கிளாஸா எடுத்து வைத்தார்கள்?

இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டசபையே இதை மாற்றச்சொல்லி மத்திய அரசுக்குத் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தின வருஷம் மத்திய அரசு நீதியரசர் பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷனும் வைத்தது. கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஆனால் 2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. பக்கத்துப் புதுச்சேரியில் ஒரு சகோதரி. குழந்தையாய் இருந்தபோதே ஞானஸ்நானம் ஆனவர். அரசு எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் ஜாதிச் சான்றிதழ் கேட்டார். சபைக்குப் போகிறவர், விசுவாசத்தைக் கைவிடாதவர், ஒதுக்கீட்டுக்காக மாத்திரம் தன்னை இந்து என்று சொல்லுவது அரசியல் சாசனத்தின் மேல் செய்கிற மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேப்பரில் அதைப் படித்தபோது அந்தப் பெண்பிள்ளையைக் குறித்து எனக்குக் கோபம் வரவில்லை. என் மூடிவைத்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இந்த இடத்தில் சிலர், "பார்த்தீர்களா பிரதர், இந்த அரசாங்கமும் கோர்ட்டும் மதச்சார்பற்றது என்பதெல்லாம் வெளிவேஷம், எல்லாம் அந்திக்கிறிஸ்துவின் வேலை" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் 2002-ல் வேதாகமக் கல்லூரியில் இருந்தேன். அந்த அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. மதம் மாற்றினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும், பட்டியல் ஜாதியாரையோ பெண்களையோ கட்டாயப்படுத்தி மாற்றினதாகக் குற்றம் நிரூபணமானால் நாலு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். ஹாஸ்டலில் நாங்கள் உபவாசம் இருந்து அழுதோம். 2004 மே மாதம், தேர்தல் முடிந்த சூட்டில், கொண்டுவந்த அம்மையாரே அதைத் திரும்பப் பெற்றார்கள். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார் என்றுதான் நானும் சாட்சி சொன்னேன், இப்போதும் சொல்லுவேன். ஆனால் அந்தச் சட்டத்துக்கு விரோதமாய்ச் சட்டசபையிலும் தெருவிலும் பேசினவர்களில் பாதிப்பேர் கடவுளே இல்லை என்கிறவர்கள். அதைச் சாட்சி நேரத்தில் நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

அதற்கு முன்னும் அப்படித்தான். சுவிசேஷத்தைப் பிரசங்கிக்க உங்களுக்கும் எனக்கும் உரிமை கொடுக்கிற 25-ம் பிரிவில், மதத்தைப் பரப்பவும் உரிமை உண்டு என்ற வார்த்தை இருக்கட்டுமா வேண்டாமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வாதம் நடந்தது. இருக்கட்டும் என்று எழுந்து பேசினவர்களில் ஒருவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. பிராமணர். பதினாலு வருஷம் கிறிஸ்தவப் பள்ளி கல்லூரியில் படித்தேன், என்னை மதம் மாற்ற ஒருவரும் முயலவில்லை என்று சாட்சி சொன்னார். 1949-ல் மதச் சிறுபான்மையினருக்குத் தனி இடஒதுக்கீட்டுத் தொகுதி வேண்டாம், அண்டைவீட்டாரை நம்புகிறோம் என்று கிறிஸ்தவத் தலைவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். சென்னையிலிருந்து போன ஜெரோம் டிசோசா பாதிரியார் அதற்கு ஆதரவாய்ப் பேசினார். ஆகவே மதச்சார்பற்ற ராஜ்யம் நம் சத்துரு அல்ல. ராயனுக்கு ஆத்துமாவின் மேல் அதிகாரமில்லை என்று ராயனே ஒத்துக்கொள்ளுகிற ஏற்பாடு அது. அதற்காக நாம் சந்தோஷப்படவேண்டும். அடுத்த வருஷமே வந்த 1950 ஆணை அந்த ஏற்பாட்டில் விழுந்த விரிசல். விரிசல் விட்டது என்று யாராவது வீட்டையே இடிப்பார்களா?

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரரும் வெள்ளை வேட்டியோடு சபைக்கு வருகிறார்கள். யார் வந்தாலும் 1 தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்தின்படி ஜெபிப்பேன். சபையின் ஓட்டு இத்தனை என்று கணக்குக் கொடுக்கமாட்டேன். இதைப்பற்றி இவ்வளவு போதும்.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். வேதம் என்ன சொல்லுகிறது? ஒரே வரியில் பதில் இருந்தால் எனக்கும் சுலபமாயிருக்கும்.

தானியேலை எடுத்துக்கொள்ளுங்கள். பாபிலோன் அரசாங்கம் அவனுக்குப் பெல்தெஷாத்சார் என்று பேர் வைத்தது. அது தன் தேவனுடைய நாமத்தின்படி வைத்த பேர் என்று ராஜாவே நாலாம் அதிகாரத்தில் சொல்லுகிறான். அதாவது ஆபீஸ் ரிக்கார்டில் தானியேல் பேர் ஒரு விக்கிரகத்தின் பேர்! அதை மாற்றச்சொல்லி அவன் சண்டை போடவில்லை. அந்தப் பேரோடு சம்பளம் வாங்கினான், உண்மையாய் வேலை செய்தான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் முடியாது என்றான். ஜெபிக்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. மற்றவர்கள் கொடுத்த பேரைச் சுமந்தான். தான் யாரைச் சேவிக்கிறான் என்று கேட்கப்படுகிற இடத்தில் ஒளிக்கவில்லை.

நம் ஊர் செராமிக் பட்டறைகளில் சபைச் சகோதரிகள் கார்த்திகை அகலுக்கும் கொலுப் பொம்மைக்கும் களிமண் அச்சு எடுக்கிறார்கள். நானும் பகலில் சூளை வேலைக்காரன்தான், சுட்டு வெளியே வருவதில் ஃபியூஸ் கட்டையும் இருக்கும், பிள்ளையாரும் இருப்பார். "இது பாவமா பாஸ்டர்?" என்று கேட்கிறவர்களுக்கு 2 இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்து நாகமானைக் காட்டுவேன். எஜமான் கையைத் தாங்கிக்கொண்டு ரிம்மோன் கோவிலில் குனியவேண்டியிருக்கிறதே என்று மனமுடைந்து கேட்டவனை எலிசா சபிக்கவில்லை, சமாதானத்தோடே அனுப்பினான். வயிற்றுப்பாட்டின் நெருக்கம் கர்த்தருக்குத் தெரியும்.

"எஸ்தர் மறைத்தாளே?" என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி, எனக்கு வியர்த்துவிட்டது. மொர்தெகாய் சொன்னபடி எஸ்தர் தன் குலத்தை அரண்மனையில் சொல்லவில்லை. எகிப்தில் சிப்பிராளும் பூவாளும் பார்வோனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லவில்லை, தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார். அப்படியானால் அநியாயச் சட்டத்துக்கு முன்னால் மறைப்பது எப்போதும் பாவம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் எனக்குத் தோன்றுகிறது. மருத்துவச்சிகள் மற்றவர் பிள்ளைகளின் உயிருக்காகப் பேசினார்கள். எஸ்தர் ஒரு காலத்துக்கு வாய் திறக்கவில்லை, வேளை வந்தபோது உயிரைப் பணயம் வைத்துத் திறந்தாள். நாம் கேட்பதோ, வேளை வராமலே போகட்டும் என்று. முப்பது வருஷ சர்வீஸ், பென்ஷன், பிறகு பிள்ளைகளுக்கும் அதே சர்டிபிகேட். அடக்க ஆராதனையில்தான் பெட்டியின்மேல் சிலுவை வைக்கலாம் என்றால் அது எப்படிப்பட்ட சாட்சி?

2019-ல் திருப்பத்தூரில் சிநேகா என்ற வழக்கறிஞர், ஜாதியும் மதமும் இல்லை என்று அரசாங்கத்திடம் சான்றிதழ் வாங்கினார்கள். வருஷக்கணக்கில் தாலுக்கா ஆபீசுக்கு அலைந்து வாங்கினார்கள். நம்முடைய விசுவாசம் அவர்களுக்கு இல்லை. ஆனால் மனதில் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றாயிருக்கவேண்டும் என்று பாடுபட்டார்கள். பரலோகத்தில் பேர் எழுதியிருக்கிறது என்று பாடுகிற நாம் சபை நோட்டில் எழுத நடுங்குகிறோம். எனக்கு வெட்கமாயிருந்தது.

ஆனாலும் அந்தப் பையனிடம் போய், "தம்பி, சிலுவை சுமக்கவேண்டும், ஒதுக்கீட்டை விட்டுவிடு" என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் பிள்ளைக்கு அந்த நஷ்டமில்லை. நம் சபையிலேயே வசதியான குடும்பங்கள் உண்டு. கிறிஸ்துவுக்குள் ஜாதியில்லை என்று அல்லேலூயா சொல்லிவிட்டு, கல்யாணப் பேச்சு வந்தால் எந்தத் தெரு என்று விசாரிக்கிறோம். கிறிஸ்தவப் பத்திரிகையின் மணமகள் தேவை பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஜாதி அப்படியே இருக்கட்டும், அதற்கான சலுகையை மாத்திரம் நீ விட்டுவிடு என்று ஏழை விசுவாசியிடம் சொல்லுவது எந்த நியாயம்? மதம் மாறினால் ஜாதி போய்விடும் என்று கோர்ட் நினைத்ததற்கு நாமே சாட்சி சொல்ல முடியாமல் நிற்கிறோம்.

பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியில் அடிபட்டு ஜெயிலில் கிடந்தபின் தன் ரோமக் குடியுரிமையைச் சொன்னான்; எருசலேமில் சாட்டையடிக்கு முன்னமே சொன்னான். இருந்த உரிமையைக் கேட்டான், இல்லாததை உண்டென்று எழுதவில்லை. அப்படியே பையனும் தனக்குச் சட்டப்படி உள்ள பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைத் தைரியமாய்க் கேட்டு வாங்கலாம், உதவித்தொகை கேட்கலாம். மிச்ச நஷ்டத்தை யார் சுமப்பது? கலாத்தியர் ஆறாம் அதிகாரம் அதைச் சபையின் தோளில்தான் வைக்கிறது.

போன புதன்கிழமை அந்தத் தாயார் வீட்டுக்குப் போனேன். பையனும் இருந்தான். மூன்று காரியம் சொன்னேன். எழுதாமல் ஞானஸ்நானம் கொடுக்கமாட்டேன், முன்னே ஒருதரம் செய்தேன், அது தப்பு. நீ பரீட்சை முடியும்வரை காத்திருக்க நினைத்தால் உன்னைத் தள்ளமாட்டேன், ஆராதனையில் உன் இடம் உன் இடம்தான். ஆனால் காத்திருக்கிறது எதற்காக என்று உன் தேவனோடு நீயே பேசிக்கொள். எழுதச் சொன்னால், கோச்சிங் பீஸ் முழுவதும் சபை கட்டும், ஒரு வருஷமல்ல, வேலை கிடைக்கும்வரை. இதை மூப்பரிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன். அடுத்த கமிட்டியில் எனக்கு நல்ல பூசை கிடைக்கும், ஆகையால் இப்போதே இங்கே எழுதிவைக்கிறேன்.

பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஐயா, முன்னாடி எழுதாம குடுத்தீங்களே, அந்த அண்ணன் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டான்.

வேலையில் இருக்கிறார் என்றேன். நல்ல வேலை. பண்டிகைக்குப் போன் பண்ணுவார். அவர் இருக்கிற ஊரில் சபைக்குப் போகிறாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"நீங்க அவர்கிட்ட பேசுங்க ஐயா. அப்புறம் நான் சொல்றேன்" என்றான்.

இன்னும் நான் அந்த நம்பருக்குப் போன் போடவில்லை. எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.