இருவகைத் தடைகள்

விலை கொடுத்து வாங்கியவனே பொருளின் உடைமையாளன் என்கிறது சட்டம். ஆனால் அப்பொருள் பழுதுற்ற நாளில் அதன் முன் கைகட்டி நிற்பவனை உடைமையாளன் என்று எங்ஙனம் அழைப்பது? வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி உயிரற்றுக் கிடக்கும்போது எழும் இச்சிறு கேள்வியினுள், அறிவுக்கும் உடைமைக்கும் உள்ள உறவு பற்றிய பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது.

இலங்கையில் 1979 ஏப்ரலில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. கண்டியைச் சூழ்ந்த மலைகளிடையே அலைகளைப் பிடிக்கக் கூரைகளின் மேல் ஏரியல்கள் உயர்ந்தன. இன்று பேராதனையின் விரிவுரையாளர் இல்லத்திலும் தோட்டத்து லயத்திலும் அப்பெட்டியைக் காணலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கும் மாலைகளில் மின்னல் ஏரியல் வழியாகவோ மின்கம்பி வழியாகவோ உட்புகுந்தால், மறுகணமே பெட்டி ஊமையாகிவிடும். கொழுந்து பறிப்பவளுக்குப் புதிய பெட்டி என்பது பல நாள் கூலி. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு, பல நுகர்பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, “பழையதை எறி, புதியதை வாங்கு” என்னும் உபதேசம் நகரத்து நடுத்தர வகுப்பாருக்கும் பொருளற்றதாயிற்று.

அவ்வாறாயின் நாமே திருத்தலாமா? ஓரளவு திருத்தலாம். அதே சுவர்த்துளையில் ஒரு மேசை விளக்கைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கியபின், அதனுள் பியூஸ் எரிந்திருக்கிறதா, கம்பி கருகியோ நசுங்கியோ இருக்கிறதா என்று ஆராயலாம். சிவப்பு விளக்கு எரிந்து, ஒலி கேட்டு, படம் மட்டும் தெரியாவிடில், இருளில் திரைமீது டோர்ச் ஒளியைப் பாய்ச்சலாம். உருவங்கள் மங்கலாகத் தெரிந்தால் கெட்டது திரையின் பின்னுள்ள விளக்கு. இவற்றுள் எதற்கும் பெட்டியைத் திறக்கவேண்டியதில்லை.

பின்மூடிக்கு அப்பால் நிலைமை வேறு. 230 வோல்ட் மின்சாரம் அங்கே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாறிக் கப்பாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கியபின்னும் அது சில வேளை எஞ்சியிருக்கும். பழைய குழாய்ப் பெட்டிகளிலோ 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. தேங்கிய அந்த மின்னிலிருந்து வீட்டு ட்ரிப் சுவிட்ச் நம்மைக் காக்காது. அதை அளந்து, முறைப்படி வெளியேற்றத் தெரிந்தவரே அங்கே கைவைக்கவேண்டும்.

அவசியத்தை அறிதலிலேதான் சுதந்திரம் இருக்கிறது என்னும் ஹெகலின் கருத்தை எங்கெல்ஸ் ஏற்று விளக்கினார். எரிந்த பியூஸின் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுபவன் தன்னைச் சுதந்திரன் என எண்ணுகிறான். உண்மையில் அவன் அவசியத்தை அறியாதவன்; உறங்கும் குழந்தைகளின் உயிரை அவர்களைக் கேளாமலே பணயம் வைக்கிறான். அத்துணிச்சலை நாம் விடுதலை என்று கொண்டாட முடியாது.

ஆயினும், நம்மைத் தடுக்கும் யாவும் இயற்கையின் அவசியம்தானா? ஒரு காலத்தில் பல வானொலிப் பெட்டிகளின் உள்ளேயே சுற்றுப்படம் ஒட்டப்பட்டிருந்தது. இன்று அப்படம் பெரும்பாலும் வெளிவருவதில்லை. உதிரிப்பாகமும் எளிதிற் கிடைப்பதில்லை. 325 வோல்ட் இயற்கை விதி; மறைக்கப்பட்ட படமோ மனிதன் எழுப்பிய வேலி. அதை மனிதனே அகற்றலாம் என்பதற்குச் சான்றும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபின்னும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு, முக்கிய உதிரிப்பாகங்களைத் திருத்துநர்களுக்குத் தயாரிப்பாளர் வழங்கியாகவேண்டும். முதல் தடைக்கு நாம் பணியவேண்டும்; இரண்டாவதை எதிர்க்கவேண்டும். இரண்டையும் ஒன்றெனக் காட்டி, “ஆபத்து, தொடாதே” என்று சொல்லி அறிவையே பூட்டிவைப்பது நேர்மையன்று.

இவ்வேறுபாட்டைக் கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. ஓமின் விதியை ஒப்புவிக்கும் மாணவனுக்கு, தன் வீட்டுப் பிளக்கினுள் எத்தனை அம்பியர் பியூஸ் இருக்கவேண்டும் என்பது தெரிவதில்லை. கண்டி நகரின் சிறு கடைகளில் குனிந்த தலையோடு ஈயம் பற்றவைக்கும் திருத்துநர்களுக்கு அது தெரியும். அவர்களுள் ஒருவரை ஒரு நாள் அறிவியல் வகுப்புக்கு அழைப்போம். எதுவரை நாமே செய்யலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அவர் வாயிலாக மாணவர் கேட்கட்டும்.